டேங்க் ஃபுல், ஆனா வண்டி திணறுது: பழைய பைக்கை விக்கலாமா, வெச்சுக்கலாமா?



பைக் லோன் பத்தி வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. "சார், என் வண்டி 2010 மாடல். நல்லா முறுக்கினா திணறுது, இழுக்க மாட்டேங்குது. செலவு பண்ணிப் பண்ணி வெறுத்துட்டேன். வித்துட்டு இஎம்ஐ-ல புதுசு எடுத்துடலாமா?"

இதுக்கு நான் வழக்கமா கணக்கு போட்டுத்தான் பதில் சொல்லுவேன். ஆனா கணக்கு போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு என்ன கோளாறுன்னு தெரியணும். 200 ரூபாய் கோளாறா, 20,000 ரூபாய் கோளாறான்னே தெரியாம "விக்கலாமா"ன்னு முடிவு எடுத்தா, பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காம கம்பெனியை மூடற மாதிரி ஆயிடும். எங்க வீட்டுலயே இது நடந்தது. வீடியோவுல முழுசா சொல்ல நேரம் பத்தல, அதனால இங்க எழுதுறேன். கொஞ்சம் மெக்கானிக் பாஷை வரும், பொறுத்துக்கோங்க.

வண்டி என்னோடது. 2008 மாடல், 150 சிசி, கார்புரேட்டர் வண்டி. சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தப்ப அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆடிட்டுக்குன்னு சேலம், நாமக்கல், திருச்செங்கோடுன்னு மூணு வருஷம் அதுலதான் சுத்தினேன். 15 வருஷம் முடிஞ்சதும் 2023-ல ஆர்சி புதுப்பிச்சேன். அப்புறம் வேலைக்குச் சேர்ந்த என் சித்தி பையன்கிட்ட கொடுத்துட்டேன். நாமக்கல்ல ஒரு தனியார் கம்பெனியில வேலை, கைக்கு வர்றது மாசம் 26,000. அதுக்கு முன்னாடி வண்டி ரொம்ப நாள் பாதி டேங்க் பெட்ரோலோட சும்மா நின்னுட்டு இருந்தது. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கொடுத்து நாலு மாசத்துல தம்பி போன் பண்ணான். "அண்ணா, ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுது. சேலம் ஹைவேல லாரியை ஓவர்டேக் பண்ண முறுக்கினா, கொஞ்சம் இழுத்துட்டு அப்படியே தொங்கிடுது. ஆக்சிலரேட்டரை விட்டா திரும்ப வருது."

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவன் பண்ணின செலவு இது. ஸ்பார்க் பிளக் 140. ஏர் ஃபில்டர் 260. கார்புரேட்டர் க்ளீனிங் ரெண்டு தடவை, தடவைக்கு 350. இக்னிஷன் காயில் 700. கடைசியா, "கார்புரேட்டரே போச்சு தம்பி, புதுசு போட்டாத்தான் தீரும்"னு ஒருத்தர் சொல்ல, 2,600 ரூபாய்க்கு கம்பெனி பேர் இல்லாத ஒரு கார்புரேட்டர். மொத்தம் 4,400. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "சூப்பரா இருக்கு"ன்னு சாவியைக் கொடுத்திருக்காங்க. அவங்க பொய் சொல்லல. தெருவுல சூப்பராத்தான் ஓடும். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

வெறுத்துப் போய் ஷோரூமுக்குப் போயிட்டான். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் பைக்குக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சதால விலையும் இறங்கியிருந்தது. ஆன்ரோடு 1,35,000. கையிலிருந்து 15,000, மீதி 1,20,000 லோன், மூணு வருஷம். "மாசம் 4,233 தான் ணா, வட்டி 9 சதவீதம்தான்"னு சொன்னான். சரி, ஞாயித்துக்கிழமை நேர்ல பேசலாம்னு சொன்னேன். அன்னைக்கு எனக்கு கொல்லிமலையில ஒரு வேலை இருந்தது. காபி, மிளகு வாங்கி விக்கிற என் கிளையன்ட் ஒருத்தர் வாழவந்தி நாட்டுல இருக்கார். கொல்லிமலையில ஊர்களை 'நாடு'ன்னுதான் பிரிச்சிருப்பாங்க. செம்மேடு இருக்கிறது இந்த வாழவந்தி நாட்டுலதான். ரெண்டு பேரும் அந்த வண்டியிலயே போவோம், கோளாறு என்னன்னு நானும் பார்க்கிறேன்னு கிளம்பினோம்.

தெரியாதவங்களுக்கு: நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி. அங்கிருந்து மலை ஆரம்பம். 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டிருக்கும். பைக் ஓட்டறவங்களுக்கு இது சொர்க்கம். திணறுற வண்டிக்கு இதைவிட நல்ல லேபரட்டரி கிடையாது.

நான்தான் ஓட்டினேன். முதல் இருபது வளைவு வரைக்கும் பெரிசா ஒண்ணுமில்ல. அதுக்கு மேல ஒரு நீளமான நேர் ஏத்தத்துல முன்னாடி ஒரு லோடு வேன் உருண்டுட்டு இருந்தது. ரோடு காலின்னு நினைச்சு வலது பக்கம் எடுத்து முழுசா முறுக்கினேன். வேனுக்குச் சமமா போனதும் வண்டி தொங்கிடுச்சு. சத்தம் இருக்கு, இழுவை இல்ல. மேல வளைவிலிருந்து ஒரு பஸ் மூக்கு எட்டிப் பார்க்குது. முறுக்க முறுக்க இன்னும் அடைக்குது. பின்னாடி உக்காந்திருந்த தம்பி என் தோளைப் பிடிச்ச பிடி ராத்திரி வரைக்கும் வலிச்சது. வேன்காரர் பிரேக் அடிச்சு வழி விட்டார். அவர் மட்டும் அப்படிச் செய்யலைன்னா இந்தப் பதிவு இருந்திருக்காது.

இதை ஏன் சொல்றேன்னா, "கொஞ்சம் பிக்கப் கம்மி, ஓட்டிக்கலாம்"னு இதைத் தள்ளிப் போடாதீங்க. தேவைப்படுற நேரத்துல வராத பிக்கப், பிரேக் பிடிக்காத மாதிரிதான். கோளாறு தீர்ற வரைக்கும் ஓவர்டேக் வேண்டாம்.

மேல போறதுக்குள்ள நான் ஒரு தியரி ரெடி பண்ணிட்டேன். உயரம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் போனா காத்தோட அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறையும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. காத்து மெலிசானாலும் பெட்ரோலை அதே அளவுல குறைச்சுக்கத் தெரியாது. அதனால கலவை ரிச் ஆகி திணறும். படிச்சவன் பேச்சு, கேக்க நல்லா இருந்தது.

வாழவந்தி நாட்டுல வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு வண்டி பார்க்கிற பெரியவர் ஒருத்தர்கிட்ட என் கிளையன்ட் கூட்டிட்டுப் போனார். வயசு அறுபதுக்கு மேல. தியரியைச் சொன்னேன். முழுசா கேட்டார். அப்புறம், "கீழ சேலம் ரோட்டுலயும் இதே வியாதி இருக்குங்கிறீங்க. அப்புறம் மலையை ஏன் தம்பி குத்தம் சொல்றீங்க?"ன்னார். முடிஞ்சது என் தியரி.

பிறகு அவர் ஸ்பேனரைத் தொடாம மூணு கேள்வி கேட்டார். வளைவு திரும்புறப்ப திணறுதா, நேர் ஏத்தத்துல திணறுதா? முறுக்கின உடனேயா, கொஞ்சம் இழுத்துட்டு அப்புறமா? ஆக்சிலரேட்டரை விட்டா எவ்வளவு நேரத்துல சரியாகுது?

நேர் ஏத்தத்துல. இழுத்துட்டு அப்புறம். விட்டா பத்து இருபது செகண்டுல சரி.

"அப்ப கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வர்றது பத்தல. கார்புரேட்டர் மேல தப்பு இல்ல"ன்னார்.

ரெண்டு மாசம், 4,400 ரூபாய். யாருமே இந்த மூணு கேள்வியைக் கேட்கல. நாங்களும் சொல்லல. "பிக்கப் இல்ல"ன்னு மட்டும் சொல்லி வண்டியை விட்டுட்டு வந்தா, அவரும் தெரிஞ்சதை மாத்தத்தான் செய்வார்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு நம்ம பாஷையில சொல்றேன். டேங்க் உங்க சொத்து. கார்புரேட்டருக்கு அடியில ஃப்ளோட் பவுல்னு ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கு, அது உங்க சம்பள அக்கவுண்ட். இன்ஜின் செலவு பண்றது டேங்கிலிருந்து இல்ல, இந்தக் கிண்ணத்திலிருந்துதான். டேங்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல பெட்ரோல் டேப், ஒரு சின்ன வலை, ஒரு ரப்பர் ட்யூப். கிண்ணத்துல அளவு குறையுறப்ப மிதவை இறங்கி வழி விடும், நிறைஞ்சா அடைக்கும். ஊர்ல அம்பது சென்ட் நிலம் இருந்தாலும், 28-ஆம் தேதி அக்கவுண்ட்ல காசு இல்லைன்னா இஎம்ஐ பவுன்ஸ் ஆகும், இல்லையா? எங்க வண்டிக்கு அதுதான். சொத்து இருக்கு, பணப்புழக்கம் இல்ல.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊருக்குள்ள 40 கி.மீ. வேகம், லிட்டருக்கு 45 கி.மீ. மைலேஜ்னா நிமிஷத்துக்குச் சுமார் 15 மில்லி பெட்ரோல் போதும். மலையில ரெண்டு பேரோட முழுசா முறுக்கி அதே 40-ல ஏறுறப்ப லிட்டருக்கு 12 கி.மீ. கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 55 மில்லி வேணும். கிட்டத்தட்ட நாலு மடங்கு. வரவு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தா என்ன ஆகும்? தெருவுல ஒரு குறையும் தெரியாது. ஏத்தத்துல கொஞ்ச நேரம் கிண்ணத்துல இருக்கிற இருப்புல ஓடும். மட்டம் இறங்க இறங்க ஜெட்டுக்குப் பெட்ரோல் ஏறாது, காத்து அதிகமாகி வண்டி தொங்கும். ஆக்சிலரேட்டரை விட்டா செலவு நிக்கும், கிண்ணம் திரும்ப நிறையும். கொண்டை ஊசி வளைவுல நாம ஆக்சிலரேட்டரை மூடித்தான் திரும்புவோம், அதனால வளைவுல வியாதி தெரியாது. பெரியவர் கேட்ட முதல் கேள்விக்கு அர்த்தம் இதுதான்.

அடுத்து அவர் ரெண்டு சோதனை பண்ணார். ரெண்டுக்கும் காசு கிடையாது.

முதல்ல டேங்க் மூடி. மூடியில காத்து உள்ள போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைச்சா பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வர்றது நிக்கும். திணறுறப்ப வண்டியை ஓரம் கட்டி மூடியைத் திறங்க. 'புஸ்'னு காத்து உள்ள போற சத்தம் வந்து, உடனே வண்டி சரியானா கோளாறு மூடியிலதான். எங்க வண்டியில மூடி சரியா இருந்தது.

ரெண்டாவது, இன்ஜின் நல்லா ஆறினதும் டேப்பைத் திறந்து வெச்சு, ஃப்ளோட் பவுல் அடியில இருக்கிற வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அறுத்த தண்ணி பாட்டிலைப் பிடிச்சார். முதல்ல கிண்ணத்துல இருந்தது குபுக்குனு வந்தது. அதைத் தனியா விட்டுட்டு, அப்புறம் வர்றதை ஒரு நிமிஷம் பிடிச்சோம். நூல் மாதிரி ஒழுகுது. நான் பாட்டில்ல கோடு போட்டு வெச்சுக்கிட்டேன் (தொழில் புத்தி), வீட்டுக்கு வந்து அளந்தப்ப 35 மில்லி. தேவை 55, வரவு 35. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

வீட்டுல பண்றவங்க கவனிக்க: வெளியில, திறந்த இடத்துல, பக்கத்துல சிகரெட், அடுப்பு, ஓடுற இன்ஜின் எதுவும் இல்லாம பண்ணுங்க. சில வண்டியில வேக்கம் டேப் இருக்கும், இன்ஜின் ஓடினாத்தான் அது திறக்கும். அந்த வண்டிக்கு இந்தச் சோதனை இப்படியே பொருந்தாது, மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

டேங்கை வடிச்சு டேப்பைக் கழட்டினதும் விஷயம் வெளிய வந்தது. உள்ள இருந்த வலை முழுக்கக் காவி நிறத்துல சேறு. துரு. பாதி டேங்கோட மாசக்கணக்கா நின்ன வண்டி, காலியா இருந்த பாதியில ஈரம் படிஞ்சு துருப்பிடிச்சிருக்கு. அதாவது குத்தவாளி நான்தான். பெட்ரோல்ல கலக்குற எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால வண்டியை ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

வலையைக் கழுவி, டேப்புக்குப் புது ஓ-ரிங் போட்டு, கல்லு மாதிரி இறுகிப் போயிருந்த ட்யூபை மாத்தினார். திரும்பப் பிடிச்சா நிமிஷத்துக்கு 200 மில்லிக்கு மேல கொட்டுது. மொத்தம் 250 ரூபாய். "ட்யூபுக்கு நடுவுல ஒரு ஃபில்டர் போட்டுடலாமா?"ன்னு கேட்டேன். "பம்ப் இல்லாம தானா இறங்குற பெட்ரோல். மட்டமான ஃபில்டர் போட்டா அதே வியாதி திரும்ப வரும். டேங்கைக் கழுவுங்க"ன்னார். நாமக்கல் வந்து டேங்க் துரு கழுவினதுக்கு 600. ஆக உண்மையில தேவைப்பட்ட செலவு 850. 4,400 போனது ஊகத்துக்கு.

உங்க வண்டியிலயும் இதே கோளாறுன்னு நான் சொல்லல. முறுக்கினா திணறுதுங்கிற ஒரே புகாருக்குக் காரணம் பல இருக்கும், எப்ப திணறுதுங்கிறதை வெச்சுத்தான் பிரிக்கணும். முறுக்கின அந்த நொடியிலயே 'ப்ப்ப்'னு அடைச்சு அப்புறம் பிச்சுக்கிட்டுப் போனா, ஸ்லோ ஜெட் அடைப்பு, இல்லைன்னா கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் வெடிச்சு காத்து இழுக்குது. பாதி சோக் போட்டு ஓட்டிப் பாருங்க. திணறல் குறைஞ்சா கலவையில பெட்ரோல் கம்மி, அதிகமானா பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். காசில்லாம இவ்வளவு தெளிவா பதில் தர்ற சோதனை வேற இல்ல. இப்ப பங்குல வர்ற இ20 பெட்ரோல் இதுல ஒரு பங்கு வகிக்குது. சுத்தப் பெட்ரோல் முழுசா எரிய எடைக்கு 14.7 மடங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். அதனால பழைய பெட்ரோலுக்கு செட் பண்ணின கார்புரேட்டர்ல இ20 ஊத்தினா கலவை கொஞ்சம் லீனாத்தான் போகும். முன்ன ஓரளவு சமாளிச்ச வண்டி இப்ப திணற ஆரம்பிச்சதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

கலவை சம்பந்தப்பட்ட கோளாறுக்குத்தான் என் உயரத் தியரி உதவும். மலை ஏற ஏறத் திணறல் குறைஞ்சா கீழ லீனா இருந்திருக்கு. ஏற ஏற மோசமானா ரிச். தியரி தப்பில்ல, எங்க வண்டிக்குப் பொருந்தல, அவ்வளவுதான்.

பாதிக்கு மேல முறுக்கினா எந்த நேரத்துலயும், எந்த கியர்லயும் ஒரு அளவுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா சிவி கார்புரேட்டரோட டயாஃப்ரத்தைப் பாருங்க. ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிகள்ல ஆக்சிலரேட்டர் கேபிள் ஸ்லைடை நேரா தூக்கும். பிறகு வந்த 150 சிசி வண்டிகள் பலதுல கேபிள் ஒரு வால்வைத்தான் திறக்கும், ஸ்லைடைத் தூக்கறது வேக்கம், அந்த வேக்கத்தைப் பிடிச்சு வெக்கிறது மெல்லிசான ஒரு ரப்பர் தாள். அதுல குண்டூசி ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு முழுசா ஏறாது. மேல் மூடியைக் கழட்டி ரப்பரை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். அதுமேல கார்புரேட்டர் க்ளீனர் அடிக்காதீங்க, ரப்பர் உப்பிடும். இன்னொண்ணு, தொங்காம 'டப் டப்'னு வெட்டி வெட்டி இழுத்தா, அதுவும் இன்ஜின் சூடான பிறகு மட்டும்னா, பிளக், பிளக் கேப், காயில் பக்கம் போங்க.

எதைப் பண்ணினாலும் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலு பார்ட்டை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. ஆடிட்ல நாங்க வவுச்சரை ஒவ்வொண்ணா டிக் அடிக்கிறதும் இதுக்குத்தான்.

அந்த 2,600 ரூபாய் கார்புரேட்டர் கதையையும் சொல்லிடறேன். பெட்ரோல் வரத்து சரியான பிறகும் ஐடிலிங் சரியில்ல, சிக்னல்ல நின்னா அணைஞ்சுடுது. பழைய ஒரிஜினல் கார்புரேட்டர் வீட்டுல ஒரு கவர்ல பத்திரமா இருக்கு. "அதையே திரும்பப் போடுடா"ன்னேன். "2,600 போட்டிருக்கேன் ணா, எப்படிக் கழட்டுறது?" நண்பர்களே, நஷ்டத்துல இருக்கிற ஷேரை விக்காம வெச்சிருக்கீங்க பாருங்க, அதே மனசுதான் இது. அந்தக் காசு போன அன்னைக்கே போயிடுச்சு. இன்னைக்கு எந்தக் கார்புரேட்டர்ல வண்டி நல்லா ஓடும்கிறது மட்டும்தான் கேள்வி. பழசைப் போட்டான், ஐடிலிங் நின்னுச்சு. புதுசை 1,200-க்கு வித்துட்டான்.

இப்ப லோன் கணக்குக்கு வருவோம். 1,20,000 லோன், 9 சதவீதம், மூணு வருஷம், இஎம்ஐ 4,233. இந்த 9 ஃப்ளாட் ரேட். மாசா மாசம் அசல் குறைஞ்சாலும், மூணு வருஷமும் முழு 1,20,000-க்கும் வட்டி போடுவாங்க. வட்டி 32,400. வீட்டுக் கடன் மாதிரி குறையுற அசலுக்குக் கணக்கு போட்டா இது 16 சதவீதத்துக்கு மேல. எக்செல்ல ரேட் ஃபார்முலா போட்டு நீங்களே சரி பாருங்க. டவுன் பேமென்ட்டையும் சேர்த்தா 1,35,000 வண்டிக்கு அவன் கொடுக்கப்போறது 1,67,400. கைக்கு வர்ற சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு 36 மாசத்துக்கு போயிடும்.

பழசை வெச்சுக்கிட்டா? மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் 75-லிருந்து 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபாய், மேல ஜிஎஸ்டி. அவன் மாசம் 600 கி.மீ. ஓட்டறான். புது வண்டி லிட்டருக்கு 50, பழசு 42-ன்னு வெச்சாலும் பெட்ரோல் வித்தியாசம் மாசத்துக்குச் சுமார் 230 ரூபாய். பராமரிப்புக்குன்னு மாசம் 600 தனியா எடுத்து வைக்கச் சொன்னேன், பழைய வண்டிக்கு அது அவசியம். ரெண்டையும் சேர்த்தாலும் 830. இஎம்ஐ-ல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. ஆர்சி திரும்ப 2028-ல வரும். 20 வருஷம் தாண்டின பைக்குக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 2,000 ஆக்கியிருக்காங்க, பசுமை வரி தனி. அதையும் கணக்குல எழுதிக்கிட்டோம்.

ஆனா எப்பவும் பழசைப் பிடிச்சுத் தொங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சைலன்சர்ல நீலப் புகை, இன்ஜின் ஆயில் மாசா மாசம் குறையுது, சேசிஸ்ல துரு, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் வித்துடுங்க, பேரம் பேசாம வித்துடுங்க. பிரேக் விஷயத்துலயும் பழைய வண்டி பின்தங்கித்தான் இருக்கு. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 2019 ஏப்ரல்லிருந்து ஏபிஎஸ் கட்டாயம், எங்க 2008 மாடல்ல அது கிடையாது. தினமும் ஹைவேல 60 கி.மீ. போறவரா இருந்தா, நான் தம்பிக்கு வேற பதில் சொல்லியிருப்பேன். அவனுக்கு ஆபீஸ் நாமக்கல்லுக்குள்ளயே.

கடைசியா அவன் எடுத்த முடிவு: ஷோரூம் புக்கிங்கை விட்டுட்டான். மாசம் 3,500 ஆர்டி போடறான், 30 மாசம். வட்டியே இல்லாம 1,05,000 சேரும். அப்ப பழசையும் வித்து, மீதிக்கு மட்டும் சின்னதா லோன், இல்லைன்னா முழுசா கேஷ். நடுவுல ஒரு மாசம் ஆர்டி கட்டாம விட்டான், போன் வாங்கினானாம். திட்டினேன்.

ஜனவரியில வாழவந்தி நாட்டுக்கு கிளையன்ட் வேலையா திரும்பப் போக வேண்டியிருந்தது. அதே வண்டி, இந்தத் தடவை தம்பி ஓட்டினான். அதே நேர் ஏத்தத்துல முன்னாடி ஒரு டிராக்டர். ரோடு தெளிவா தெரியற வரைக்கும் பின்னாடியே வந்து, அப்புறம் செகண்ட் கியர்ல முறுக்கித் தாண்டினான். பெரியவர் ஷெட்டுல நிறுத்தி, துரு கழுவின டேங்கைத் திறந்து காட்டினோம். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "இனிமே பாதி டேங்க்ல நிறுத்தி வைக்காதீங்க"ன்னு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

உங்க வண்டி பத்தி கேக்கறவங்க, "பிக்கப் இல்ல"ன்னு மட்டும் எழுதாம இதெல்லாம் சேர்த்து எழுதுங்க: மாடல் வருஷம், மொத்தம் ஓடின கி.மீ., மாசம் எவ்வளவு ஓட்டறீங்க, முறுக்கின உடனே திணறுதா கொஞ்ச நேரம் கழிச்சா, பாதி சோக்ல என்ன ஆகுது, இதுவரைக்கும் என்னென்ன மாத்தினீங்க. லோன் கொட்டேஷன் கையில இருந்தா அந்த வட்டி ஃப்ளாட்டா, குறையுற அசலுக்கான்னு கேட்டு எழுதுங்க. அடுத்த வாரம் வீடியோவுல மூணு பேரோட கணக்கை எடுத்துப் போட்டுக் காட்டறேன்.